டிராயர் சேனல் பிறந்த ஊர்

"சரக்கை அந்த ஆள்தான் மாற்றியிருப்பான். போய்ப் பார்த்துவிட்டு வா" என்று மேலாளர் மலாயில் சொன்னார். மலேசியாவில் மூவார் ஆற்றங்கரையில் இருக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஆவணப் பிரிவை நான் கவனித்துக்கொள்கிறேன். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழில் செய்தியாளராக இருந்தேன். தமிழ் பேசத் தெரியும், கேள்வி கேட்கத் தெரியும் என்ற இரண்டு தகுதிகளின் பேரில் என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

நாங்கள் செய்வது சேனல். மேசை இழுப்பறையை இழுத்தால் கீழே விழாமல் ஓடிவர, இரு பக்கமும் பொருத்தும் இரும்புப் பட்டை. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பட்டைகள், நடுவே சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள். அம்பத்தூரில் அலமாரி செய்யும் செல்வகுமார் என்பவர் எங்களிடம் வாங்குகிறார். மலேசியாவில் செய்த பொருள் என்று நாங்கள் தரும் சான்றிதழால் அவருக்குச் சுங்கவரியில் சலுகை உண்டு. இந்த முறை சுங்கத்துறை அவருடைய சரக்கை நிறுத்திவைத்து, இது சீனாவில் செய்ததல்ல என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். திருப்தியில்லை என்றால் சலுகை போகும். தெரிந்தே பொய் சொன்னார் என்று முடிவானால் அவர் பெயரும் கெடும்.

சான்றிதழின் அடியில் இருப்பது என் கையெழுத்து.

வானகரத்தில் புறவழிச்சாலையைப் பார்த்த அறை. திங்கட்கிழமை காலை, எங்கள் ஊரில் சொல்வதுபோல், பசியாறக் கீழே இறங்கினேன். மூவாரில் காலையிலேயே குச்சியில் சுட்ட இறைச்சி, சாத்தே, தின்போம் என்றால் இங்கே நம்பமாட்டார்கள். இங்கே இட்லியின் மேலேயே சாம்பாரை ஊற்றிக் கொடுத்தபோது நானும் நம்பவில்லை. டீ கேட்டேன். விரலளவுக் கண்ணாடி டம்ளரில், அதிலும் முக்கால்வாசி வந்தது. மீதி எங்கே என்பது போல நான் பார்த்திருக்க வேண்டும். கடைக்காரர், "நுரை அடங்குச்சுன்னா அவ்ளோதாம்மா" என்றார்.

ஆட்டோக்காரர் மதுரவாயல் தாண்டுமுன் என் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார்.

"இன்னா மேடம், சிலோனா?"

"மலேசியா."

"அங்க இன்னா காசு? டாலரா?"

"ரிங்கிட். நாங்கள் வெள்ளி என்போம்."

"வெள்ளியா! அப்ப தங்கம்லாம் யாரு வெச்சிகினு கீறாங்க?"

சிரித்தேன். இறங்கும்போது, பேசிய தொகைக்கு மேல் கேட்டார். வெயில் ஏறிவிட்டது என்று காரணம் சொன்னார்.

செல்வகுமாரின் பட்டறை தொழிற்பேட்டையின் உள்தெரு ஒன்றில், தகரக் கூரையின் கீழ் இருந்தது. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். மாடியில் கண்ணாடி போட்ட அலுவலக அறை, கீழே வேலைத்தளம். வரவேற்று உட்காரவைத்தவர் காபி வருமுன்பே கேட்டார்:

"உங்க கம்பெனி உங்கள எதுக்கு அனுப்பியிருக்கு மேடம்? எனக்கு உதவி பண்ணவா, என்மேல எழுதிக்குடுக்கவா?"

"உண்மையைத் தெரிந்துகொள்ள."

"அப்ப ரெண்டாவதுதான்" என்றார்.

வேலைத்தளத்தைச் சுற்றிக் காட்டினார். நான் யாரிடம் எதைக் கேட்டாலும் அவரே பதில் சொன்னார். பிளைவுட் அறுக்கும் வட இந்திய இளைஞர்கள் இருவர் என்னைப் பார்த்து இந்தியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். என்னவென்று கேட்டேன். "அந்தம்மா போலீஸா, வருமான வரியான்னு கேக்குறான்" என்று மொழிபெயர்த்தவரும் அவரே. சரியாகத்தான் மொழிபெயர்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

சுவரோரம் எங்கள் அட்டைப்பெட்டிகள் இருந்தன. சென்ற முறை வந்த சரக்கில் மிச்சம். இரண்டு அடுக்குகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எல்லாப் பெட்டிகளும் திறந்து மறுபடி ஒட்டப்பட்டவை. இடப்பக்க அடுக்கில் ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு. விரலால் தொட்டேன். நெயில் பாலிஷ்.

திறந்த பெட்டி, ஒட்டிய நாடா, ரகசிய அடையாளம். மேலாளர் சொன்னதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. செல்வகுமார் தொலைபேசியில் பேசத் திரும்பிய நொடியில் கைப்பேசியில் நான்கு படங்கள் எடுத்தேன். எதிரே தரையில் உட்கார்ந்து சேனல் பொருத்திக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் அதைப் பார்த்தார். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. திருப்புளியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் செல்வகுமாரின் கிளியரிங் ஏஜென்ட்டோடு கழிந்தது. சுங்கத்துறைக்கும் இறக்குமதியாளருக்கும் நடுவே காகிதம் சுமப்பவர் இந்த ஏஜென்ட். மெலிந்தவர், வேகமாகப் பேசுபவர். கோப்பில் எந்தப் பக்கத்தில் என்ன காகிதம் இருக்கிறது என்று பார்க்காமலே சொல்வார். பூந்தமல்லியில் பிரியாணியும் தால்ச்சாவும் வாங்கித் தந்து, சாப்பிடும்போது பாடம் நடத்தினார்.

"சுங்கத்துல உலகத்துல உள்ள எல்லாப் பொருளுக்கும் ஒரு எண் இருக்கு மேடம். ஊசிக்கு ஒண்ணு, ஒட்டகத்துக்கு ஒண்ணு. உங்க சேனல நான் இரும்புப் பொருத்துகள்னு போட்டேன். ஆபீசர் முதல்ல, இது ஏன் மரச்சாமான் பாகம் இல்லன்னு கேட்டாரு. அது போயிடும். அதுக்கு பதில் இருக்கு. மாட்டிக்கினது ரெண்டாவது கேள்வியில."

எந்த நாட்டில் செய்தது என்ற அந்த இரண்டாவது கேள்வி எனக்கு நன்றாகத் தெரியும். தகட்டுச் சுருளை வாங்கி, நாங்களே வளைத்து, துளையிட்டு, குண்டு பொருத்தினால் அது மலேசியப் பொருள். சுருள் ஓர் எண்ணில் உள்ளே வந்து சேனல் வேறோர் எண்ணில் வெளியே போகிறது. எண் மாறியிருக்கிறது என்றால் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். வளைத்து முடித்த பட்டையாகவே வேறு நாட்டிலிருந்து வந்து, நாங்கள் குண்டை மட்டும் போட்டு எண்ணெய் தடவியிருந்தால் எண் மாறாது. அப்போது அது எங்கள் நாட்டுப் பொருளே அல்ல. மாதாமாதம் உற்பத்திப் பிரிவு தரும் தாளில் 'தகட்டுச் சுருள்' என்றுதான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன்.

"செல்வகுமார் நல்லவரா?" என்று கேட்டேன்.

"என் கிளையன்ட் எல்லாரும் நல்லவங்கதான் மேடம், நோட்டீஸ் வர்ற வரைக்கும்" என்றார். தன் சாப்பாட்டில் இருந்த பிரெட் அல்வாவை என் பக்கம் தள்ளினார். அதையும் எதற்காகத் தருகிறார் என்று யோசித்தேன்.

புதன்கிழமை மாலை திருநின்றவூர் போக நினைத்தேன். அங்கே ஒரு மாணவர் விடுதிக்குச் செல்வகுமார் முந்தைய சரக்கில் அலமாரிகள் செய்து கொடுத்திருந்தார். அவற்றில் இருப்பது எங்கள் சேனல்தானா என்று அவருக்குத் தெரியாமல் பார்க்க வேண்டும். அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு ஷேர் ஆட்டோ. பாதி வழியில் அதன் ஏதோ ஒரு பெல்ட் அறுந்து, ஒன்பது பேர் சாலையோரம் நின்றோம். ஓட்டுநர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவரும் கோபப்படவும் இல்லை. மூவாரில் இதற்கு ஒரு புகார்க் கடிதமாவது எழுதியிருப்போம். வேறு ஆட்டோ பிடித்துச் சேர்ந்த ஆவடியில், கூட்டம் தள்ளியதில் முதலில் வந்த ரயிலில் ஏறிவிட்டேன். கொய்யா விற்றவரிடம் திருநின்றவூர் எப்போது வரும் என்று கேட்டேன்.

"வராது" என்றார்.

வண்டி பிரதான பாதையை விட்டு விலகி, புதர்களுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்தது. ராணுவக் கிடங்குகளுக்காகப் போட்ட கிளைப்பாதையாம். பட்டாபிராம் சைடிங்கில் நின்றது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. திரும்பும் வண்டி எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னாத்துக்கு மேடம் அன்னிக்கு டப்பாவ போட்டோ புடிச்சிகினு இருந்தீங்க?"

திருப்புளிப் பெண். பெயர் கலா. அந்த ஊர்க்காரர், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார். மேடையில் இருந்த சிமெண்ட் இருக்கையில் உட்கார்ந்தோம். படங்களைக் காட்டி, இந்தப் பொட்டு என்ன என்று நேராகவே கேட்டேன். கலா வாய்விட்டுச் சிரித்தார்.

"அது என் பொண்ணோட நெயில் பாலிஷு. சாக்பீஸுல போட்டா அழிஞ்சிடுது, பேனா எண்ணெயில எழுத மாட்டேங்குது. வேற இன்னா பண்றது?"

"எதற்கு அடையாளம்?"

"உங்க டப்பாவுல ரெண்டு வித சரக்கு வருது மேடம். பாக்க ஒண்ணு மாரிதான் கீது. ஆனா ஒண்ணு இல்ல. நிமித்திப் புடிச்சி உள்பட்டைய உட்டா, ஒண்ணு சர்ருனு எறங்கி டக்குனு நிக்கும். இன்னொண்ணு பாதியில ஒரு மூச்சு உட்டுட்டு அப்புறந்தான் எறங்கும். ஒரு பக்கம் இதையும் ஒரு பக்கம் அதையும் மாட்டுனா டிராயரு கோணிகினு வரும். பார்ட்டி கத்துவான். அதான் டப்பா வந்ததும் தொறந்து, ஒவ்வொண்ணா உட்டுப் பாத்து, மூச்சு உடறதுக்குப் பொட்டு வெச்சி தனியா அடுக்கிடுவேன்."

"இங்கே வந்த பிறகு யாராவது கலந்திருக்கலாமே?"

"லாரியிலருந்து எறக்குறதே நாங்கதான். நாடாவ மொதல்ல கிழிக்கிறது நானு. யாரு கலப்பா? பேயா?"

"முதலாளிக்குத் தெரியுமா?"

கலா கொஞ்சம் யோசித்தார். "சொன்னேன். ரெண்டு மாசம் இருக்கும். மேல ரூமுல போன்ல பேசிகினு இருந்தாரு. 'டிராயர் ஓடுதா'ன்னாரு. ஓடுதுன்னேன். 'அப்ப சரி, போ'ன்னாரு. அவ்ளோதான். ஏன் மேடம், எனக்கு எதுனா பிரச்னை வருமா?"

வராது என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. அதனால் சொல்லவில்லை. என் வண்டி வரும் வரை கலா கூடவே இருந்தார். கூடையிலிருந்து கடலை உருண்டை ஒன்றை எடுத்துத் தந்தார்.

வியாழக்கிழமை, சுங்கத்துறை சரக்கை வைத்திருக்கும் கிடங்குக்குச் செல்வகுமார், ஏஜென்ட், நான் மூவரும் போனோம். பூந்தமல்லியைத் தாண்டி, லோரிகள் வரிசையாக நிற்கும் ஒரு புழுதிச் சாலையில் இருந்தது. இந்தச் சரக்கைச் செல்வகுமார் இன்னும் கண்ணாலேயே பார்க்கவில்லை. முத்திரையை உடைத்ததே சுங்கத்துறை ஆட்கள். சோதனைக்காக அவர்கள் திறந்துவைத்த பெட்டிகளைப் பார்க்க மட்டும் ஏஜென்ட் அனுமதி வாங்கியிருந்தார். பொறுப்பாளர் ஒருவர் நாற்காலி போட்டு எங்கள் கைகளையே கவனித்துக்கொண்டிருந்தார்.

முதல் பெட்டியிலிருந்து ஒரு சேனலை எடுத்து நிமிர்த்திப் பிடித்தேன். உள்பட்டையை விட்டேன். சர்ரென்று இறங்கி டக்கென்று நின்றது. இரண்டாவது பெட்டியிலும் அப்படியே. மூன்றாவதில் பாதியில் தயங்கியது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு இறங்கியது.

செல்வகுமாரிடம் கனம் அளக்கும் வெர்னியர் அளவுகோல் இருந்தது. அளந்தேன். தயங்கிய பட்டையின் கனம் மயிரிழை குறைவு. அதன் திருகாணித் துளைகள் வட்டமாக இல்லை, சற்றே நீள்வட்டம். எங்கள் அச்சு இயந்திரம் போடும் துளை வட்டமானது. நான்கு நாட்களாக மனத்துக்குள் இந்த மனிதரை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தேன். அவருடைய கை படாத பெட்டிகளில் இரண்டு வகையும் இருந்தன. கலந்தது எங்கள் வாசலுக்குள்.

வெளியே லோரி நிழலில் நின்று மேலாளரை அழைத்தேன். முதலில், சென்னைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், அளவுகோலையே மாற்றியிருப்பார்கள் என்றார். துளைகளின் வடிவத்தைச் சொன்னேன். அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

"வளைக்கும் இயந்திரம் சில வாரம் நின்றுபோனது. ஆர்டரை நிறுத்தமுடியுமா? பட்டையை வெளியிலிருந்து வரவழைத்தோம். குண்டு நாம்தானே போட்டோம்?"

"தாளில் சுருள் என்று இருந்ததே."

"தாள் எப்போதும் அதே தாள்தான்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீ கேட்கவில்லை" என்றார். என் மேசையிலிருந்து அந்த இயந்திரம் இருநூறு அடி தூரம். மூன்று ஆண்டுகளில் ஒரு முறைகூட நான் அங்கே நடந்து போனதில்லை. அவர் தொடர்ந்தார்: "ஒன்றும் எழுதிக்கொடுக்காதே. திரும்பி வா."

விஷயத்தைச் செல்வகுமாரிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வெர்னியரைத் துடைத்து உறையில் போட்டார்.

"இதை அப்படியே எழுதிக் குடுப்பீங்களா?"

"கொடுப்பேன். எந்தெந்தப் பெட்டி என்பதோடு."

"சலுகை போச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கலா பொட்டு வெச்ச கதையும் எழுதணுமா மேடம்?" என்றார்.

கலாவோடு நான் பேசியது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. அவர் கவலை என்ன என்பது புரிந்தது. சரக்கு இரண்டு விதம் என்று அவருடைய பட்டறைக்கே தெரிந்திருந்தது என்றால், தெரியாமல் நடந்தது என்று அவர் சொல்ல முடியாது.

"நான் அளந்ததையும் எங்கள் மேலாளர் சொன்னதையும் மட்டும் எழுதுவேன். உங்களிடம் கேட்டால் நீங்கள் சொல்லுங்கள்" என்றேன். நாளைக்கு இவர் பொய் சொல்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, கிடங்கிலேயே ஒரு சிறிய அறையில் அதிகாரி எங்களை வைத்து விசாரித்தார். நாற்பது வயதிருக்கும். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வீட்டுச் சாப்பாடு. கையால் எழுதிய என் மூன்று பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மூன்றாவது பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, தானே ஒரு சேனலை நிமிர்த்திப் பிடித்து விட்டுப் பார்த்தார். அது தயங்கி இறங்கியதும் மறுபடி ஒருமுறை விட்டுப் பார்த்தார். பிறகு செல்வகுமாரிடம் திரும்பினார்.

"இது ரெண்டு விதமா வருதுன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

மேசைக்கடியில் ஏஜென்ட்டின் கால் நகர்வது தெரிந்தது.

"என் ஃபிட்டர் ஒரு அம்மா ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே வந்து சொன்னாங்க சார். நான் போன்ல இருந்தேன். டிராயர் ஓடுதான்னு மட்டும் கேட்டேன். ஓடுதுன்னாங்க. போகச் சொல்லிட்டேன். அவங்க பிரிச்சு அடுக்குற இடத்தத் தாண்டித்தான் தினம் நடந்து போறேன். ஏன்னு நின்னு கேட்டதில்ல."

"சார், அவரு டென்ஷன்ல பேசுறாரு" என்றார் ஏஜென்ட்.

"இல்ல. நிதானமாத்தான் பேசுறேன்" என்றார் செல்வகுமார். "தப்பு என்னுது சார். அந்தம்மா பேரு வேண்டாம். அவங்க அவங்க வேலையச் சரியாப் பண்ணியிருக்காங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். பெயரைக் கேட்கவில்லை. தயங்கும் வகைக்குச் சலுகை கிடையாது, முழு வரி கட்டி எடுத்துக்கொள்ளலாம், முந்தைய சரக்குகளையும் திரும்பப் பார்ப்போம், தண்டம் உண்டா இல்லையா என்பது மேலிடம் முடிவு செய்யும் என்றார். செல்வகுமார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பேனாவை மூடப்போன அதிகாரி, நினைவு வந்தவர்போல என்னைப் பார்த்தார்.

"அந்த மெஷின் நின்னிருந்த காலத்துல வேற யாருக்கெல்லாம் நீங்க சான்று குடுத்தீங்க மேடம்?"

"கொச்சிக்கு இரண்டு. மும்பைக்கு ஒன்று."

"அதுல எந்தப் பட்டை?"

"தெரியாது."

"தெரியாதுன்னே எழுதிக்கவா?"

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். எழுதி, தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது ஏஜென்ட் எங்களை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். செல்வகுமார் கடையிலிருந்து மூன்று டீ வாங்கி வந்தார். "உங்க வேல இருக்குமா மேடம்?" என்று கேட்டார். இருக்காது என்று நினைக்கிறேன் என்றேன். மேலாளர் அதற்குள் ஆறு முறை அழைத்திருந்தார்.

அவரை அழைப்பதற்கு முன் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. கிடங்குச் சுவரின் நிழலில், ஒரு மரப்பலகைமேல் உட்கார்ந்து, கொச்சியில் இருப்பவருக்கும் மும்பையில் இருப்பவருக்கும் கைப்பேசியிலேயே ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நீங்கள் வாங்கிய சேனல்களுக்கு நான் கையெழுத்திட்ட சான்றிதழ் தவறாக இருக்கக்கூடும். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒன்றை எடுத்து நிமிர்த்திப் பிடித்து உள்பட்டையை விட்டுப் பாருங்கள். பாதியில் தயங்கினால் தனியே வையுங்கள். சுங்கத்துறை கேட்பதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். படங்களும் இணைத்தேன்.

பத்து நிமிடத்தில் கொச்சியிலிருந்து பதில் வந்தது. ஒரே வரி. இதைச் சொல்வதில் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தார்கள்.